இரவு இரண்டு மணி போனுக்கு முன்பே: புற்றுநோயாளியை வீட்டில் பார்க்கத் தொடங்கும் குடும்ப மருத்துவருக்கு

“இனி செய்ய ஒண்ணும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய பிறகு, அந்தக் குடும்பம் வந்து நிற்பது தெருமுனை கிளினிக்கில்தான். கையில் தடித்த ஃபைல், ஸ்கேன் கவர், தீர்ந்துபோன மாத்திரை அட்டை. நோயாளி வீட்டில் படுத்திருப்பார். வந்தவர் கேட்பது இவ்வளவுதான்: “வந்து ஒரு ஊசி போட்டுட்டுப் போங்க டாக்டர்.”

ஒரு ஊசியில் தீராது என்பது கேட்பவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். முற்றிய புற்றுநோயில் வரும் வலி, வாந்தி, மலச்சிக்கல், மூச்சுத்திணறல், புண் நாற்றம், தூக்கமின்மை, பயம் ஆகியவற்றில் பெரும்பகுதியை வீட்டிலேயே, பெரும்பாலும் மாத்திரையாலேயே அடக்க முடியும். அதற்குப் புற்றுநோய் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டுப் பராமரிப்பு எங்கே குலைகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அது குலைவது இரவில். பகல் முழுக்க நன்றாகப் போகும். இரவு இரண்டு மணிக்கு வலி ஏறும், அல்லது மூச்சு வாங்கும். எதைக் கொடுப்பது, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் வண்டி பிடித்து எமர்ஜென்சிக்கு ஓடுவார்கள். அங்கே முன்பின் தெரியாத ஒரு மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவார். ஆகவே ஒவ்வொரு முறை அந்த வீட்டுக்குப் போகும்போதும் அன்றைய இரவை மனதில் வைத்துச் சீட்டு எழுதுங்கள். கீழே வரும் மருந்தளவுகள் பெரியவர்களுக்கானவை.

முதல் வருகை

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஓ.பி. நடுவில் ஓடிப்போய் ஓடிவரும் வேலை இது இல்லை. கிளம்பும் முன் டிஸ்சார்ஜ் சம்மரியை முழுக்கப் படியுங்கள். நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது, கடைசிக் கீமோ எப்போது, கதிர்வீச்சு எந்த இடத்துக்கு, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் ரத்த அளவு) எவ்வளவு, தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவுபவை) எவ்வளவு. கடைசி இரண்டையும் பார்க்காமல் வலி மருந்து எழுதக் கூடாது. கிரியேட்டினின் கூடியிருந்தால் டைக்ளோஃபெனாக் வகை மருந்து சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும், மார்ஃபின் சிதைந்து உண்டாகும் வேதிப்பொருள்கள் உடம்பில் தேங்கும். தட்டணுக்கள் குறைந்திருந்தால் அதே டைக்ளோஃபெனாக் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணால் பார்க்க வேண்டியவை சில உண்டு. கட்டிலிலிருந்து கழிப்பறை எத்தனை அடி? இடையில் படி இருக்கிறதா? மின்விசிறி முகத்துக்கு நேராக வருமா? இரவில் பக்கத்தில் படுப்பது யார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை கிடைத்தால் உண்மையான பராமரிப்பாளர் யார் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். உங்களிடம் பேசுவது மூத்த மகனாக இருப்பார், முடிவெடுப்பது வெளிநாட்டில் இருக்கும் இன்னொரு மகனாக இருப்பார், மாத்திரை கொடுப்பது இந்தப் பெண்ணாக இருப்பார். மூவரின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மருந்து விளக்கம் மட்டும் கொடுப்பவரிடம் நேராகப் போக வேண்டும். மகனிடம் சொல்லிவிட்டு வந்தால் பாதி வழியிலேயே மாறிவிடும்.

நோயாளியிடம் முதல் கேள்வி: “ஐயா, இப்ப உங்களுக்கு ரொம்பத் தொந்தரவா இருக்கிறது எது?” வலி என்பார் என்று எதிர்பார்ப்பீர்கள். ஐந்து நாளாக மலம் போகவில்லை என்பார், வாய்ப்புண் நாற்றத்தால் பேரக்குழந்தை பக்கத்தில் வருவதில்லை என்பார். முதல் வாரத்தில் அவர் சொன்ன அந்த ஒன்றைச் சரிசெய்துவிட்டால் பிறகு நீங்கள் சொல்வதை அந்த வீடு கேட்கும்.

“அவர்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்”

வாசலிலேயே, செருப்பைக் கழற்றும்போதே, இதைக் காதில் சொல்வார்கள். உடனே மறுக்கவும் வேண்டாம், சத்தியம் செய்துகொடுக்கவும் வேண்டாம். மறுத்தால் கதவு சாத்திக்கொள்ளும். சத்தியம் செய்தால் பிறகு நோயாளி நேராகக் கேட்கும்போது பொய் சொல்ல வேண்டி வரும்.

சொல்லக்கூடியது: “நானா போய் எதையும் சொல்லப் போறதில்லை. அவரா கேட்டா பொய் சொல்ல மாட்டேன். கேட்கிற அளவுக்குத்தான் சொல்வேன்.” பிறகு குடும்பத்தாரிடம் ஒரு கேள்வி: சொன்னால் என்ன ஆகிவிடும் என்று பயப்படுகிறீர்கள்? உடைந்துபோவார், சாப்பிட மாட்டார், ஏதாவது செய்துகொள்வார் என்பார்கள். அந்தப் பயத்தை அவர்கள் வாயாலேயே சொல்ல விடுங்கள், குறுக்கே பேசாதீர்கள். அன்பினால் மறைக்கிறார்கள் என்பதை நீங்கள் புரிந்துகொண்டது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

நோயாளியிடம் போய், “உங்க உடம்பைப் பத்தி ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க? நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். கதிர்வீச்சு வார்டில் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தவருக்கு எதுவும் தெரியாமல் இருப்பது அரிது. “எனக்குத் தெரியும் டாக்டர், பிள்ளைங்ககிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாங்க” என்று அவரும் காதோடு சொல்வதுண்டு. இரு பக்கமும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டிருக்கும் வீட்டில் பத்திரம், நகை, கடன், சொல்லாமல் விட்ட மன்னிப்பு எல்லாம் அப்படியே நின்றுபோகும். இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, “உங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச விஷயம்தான், சேர்ந்தே பேசலாமா?” என்று கேட்க ஒரே ஆள் நீங்கள்தான். அவர் தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்றால் அதையும் மதியுங்கள். எத்தனை நாள் என்று கேட்டால் தேதி சொல்லாதீர்கள். வாரத்துக்கு வாரம் உடம்பு இறங்குகிறதென்றால் வாரக் கணக்கு, நாளுக்கு நாள் இறங்குகிறதென்றால் நாள் கணக்கு. அந்த அளவில் சொல்லலாம்.

வலியை அளப்பது

பூஜ்யத்திலிருந்து பத்து வரை என்று கேட்டால் பள்ளிக்கூடம் போகாத பாட்டி விழிப்பார். “ஒரு ரூபாய் வலின்னா தாங்கவே முடியாத வலி. இப்ப எத்தனை பைசா?” என்று கேளுங்கள், உடனே பதில் வரும். எழுபத்தைந்து பைசா வலி மாத்திரைக்குப் பிறகு இருபத்தைந்து பைசாவானதா என்பதுதான் உங்கள் கணக்கு. இருமினால், திரும்பிப் படுத்தால் எவ்வளவு என்பதைத் தனியாகக் கேளுங்கள். எரிச்சல், ஷாக் அடிப்பது, மரத்துப்போவது என்று சொன்னால் நரம்பு வலி. தட்டினால் ஒரே இடத்தில் வலித்தால் எலும்பு. விட்டு விட்டு முறுக்கினால் குடல். மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு.

உலகச் சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட வழிமுறையின் சாரம் இன்றும் மாறவில்லை: வாய்வழியாக, கடிகாரப்படி, ஆளுக்கேற்ற அளவில். நடைமுறையில் அதிகம் மீறப்படுவது நடுவில் இருக்கும் ‘கடிகாரப்படி’தான். “வலிச்சா போட்டுக்குங்க” என்று எழுதிய சீட்டு, நோயாளியை வலியும் மயக்கமும் மாறி மாறி வரும் ஊஞ்சலில் உட்கார வைத்துவிடும்.

லேசான வலிக்குப் பாராசிட்டமால் 650 மி.கி. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. மெலிந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 3 கிராமைத் தாண்ட வேண்டாம். எலும்பு வலிக்கு, சிறுநீரகம் சரியாக இருந்தால், டைக்ளோஃபெனாக் 50 மி.கி. இருவேளையோ மூவேளையோ, வயிற்றைக் காக்கப் பான்டோப்ரசோலுடன். நடுத்தர வலிக்கு டிராமடால் 50 மி.கி. ஆறு அல்லது எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. நாளுக்கு 400 மி.கி. உச்சவரம்பு. வலிப்பு நோய் இருந்தாலோ மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாலோ டிராமடாலைத் தவிர்ப்பது நல்லது. இதில் அடங்கவில்லை என்றால் அங்கேயே வாரக்கணக்கில் உழலாமல் மார்ஃபினுக்குப் போங்கள். கடுமையான வலியோடு வந்தவருக்கு நேரடியாகவே மார்ஃபினில் தொடங்கலாம்.

மார்ஃபின்: ஒரு நாளின் கணக்கு

உடனடியாக வேலை செய்யும் 10 மி.கி. மாத்திரையை வைத்துக்கொண்டு பார்ப்போம். இதற்கு முன் மார்ஃபின் வகை (ஓபியாய்டு) மருந்து எடுக்காதவருக்கு 5 மி.கி., அதாவது அரை மாத்திரை, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. மிகவும் முதியவர், மெலிந்தவர் என்றால் 2.5 மி.கி. கிரியேட்டினின் கூடியிருந்தால் 2.5 மி.கி. ஆறு அல்லது எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை.

நேரத்தை இப்படி எழுதிக்கொடுங்கள்: காலை 6, காலை 10, பகல் 2, மாலை 6, இரவு 10. இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டை அளவு, அதாவது ஒரு முழு மாத்திரை. விடியற்காலை 2 மணி வேளையை அது ஈடுகட்டும். நோயாளியும் தூங்குவார், மாத்திரை கொடுக்கும் மருமகளும் தூங்குவார். மொத்தம் நாளுக்கு 30 மி.கி.

நடுவில் வலி ஏறினால் அடுத்த வேளைக்குக் காத்திருக்கக் கூடாது. மொத்த நாள் அளவில் ஆறில் ஒரு பங்கை, இங்கே 5 மி.கி., கூடுதலாகக் கொடுக்கலாம். அடுத்த வழக்கமான வேளை அதனால் தள்ளிப்போகாது. ஒவ்வொரு கூடுதல் வேளையையும் ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள். பழைய காலண்டரின் பின்பக்கம் போதும்.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ அந்த நோட்டைப் பாருங்கள். நான்கு முறை கூடுதல் தேவைப்பட்டிருந்தால் 20 மி.கி. சேர்ந்து மொத்தம் 50 ஆகிறது. ஆறால் வகுத்தால் எட்டுச் சொச்சம். நோயாளி தெளிவாக இருந்தால் ஒரு வேளைக்கு 10 மி.கி. ஆக்குங்கள், கூடுதல் வேளையும் 10 ஆகும். தூங்கி வழிகிறார், ஆனால் வலியும் இருக்கிறது என்றால் மார்ஃபினை ஏற்றாதீர்கள். அந்த வலி வேறு மருந்து கேட்கிறது. நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின் 10 மி.கி. இரவில் தொடங்கி மெல்ல 25க்கு. நரம்பையோ கல்லீரல் உறையையோ கட்டி அழுத்தும் வலிக்கு டெக்சாமெத்தசோன் 8 மி.கி. காலையில் மட்டும், மாலையில் கொடுத்தால் இரவெல்லாம் விழித்திருப்பார். ஒரே எலும்பில் நிற்கும் வலிக்கு ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு, 8 கிரே, நல்ல பலன் தரும். அதற்கு மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் அனுப்பி வைப்பதில் தவறே இல்லை.

மார்ஃபின் எழுதும் அதே சீட்டில் மலமிளக்கியான பிசாகோடில் 10 மி.கி. இரவு வேளைக்கு எழுதாவிட்டால் அது முடிக்கப்படாத சீட்டு. தூக்கக்கலக்கம் மூன்று நாளில் பழகிவிடும், வாந்தி ஒரு வாரத்தில் பழகிவிடும், மலச்சிக்கல் ஒருநாளும் பழகாது. முதல் ஐந்து நாளுக்கு ஹாலோபெரிடால் 1.5 மி.கி. இரவிலோ மெட்டோகுளோப்ரமைடு 10 மி.கி. மூவேளையோ சேர்த்துக்கொண்டால், “அந்த மாத்திரை ஒத்துக்கலை” என்று இரண்டாம் நாளே நிறுத்திவிடும் விபத்தைத் தவிர்க்கலாம். இசப்கோல் வேண்டாம். தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு அது குடலில் போய்க் கட்டியாகும்.

வழக்கமாகத் தவறு நேரும் இடங்கள் இவை. மார்ஃபினோடு டிராமடாலையும் தொடர்வது. நடுவில் வலித்ததென்று பென்டசோசின் ஊசி போடுவது: அது மார்ஃபினின் வேலையைத் தடுத்து வலியைக் கூட்டிவிடும். நீண்டநேரம் வேலை செய்யும் மாத்திரையைப் பொடித்து மூக்குக்குழாயில் விடுவது: பன்னிரண்டு மணி நேர மருந்து ஒரே மூச்சில் இறங்கும். உடனடி வகையைப் பொடிக்கலாம், அதைப் பொடிக்கக் கூடாது. முதல் மருந்தாகவே ஃபென்டனில் பட்டை ஒட்டுவதும் அப்படித்தான். 25 மைக்ரோகிராம் பட்டை ஏறத்தாழ 60 முதல் 90 மி.கி. வாய்வழி மார்ஃபினுக்குச் சமம், புதியவருக்கு ஆபத்து. வேலை தொடங்கவே 12 மணி நேரத்துக்கு மேலாகும், காய்ச்சலிலும் வெந்நீர் ஒத்தடத்திலும் வேகமாக உறிஞ்சப்படும்.

மூச்சு நின்றுவிடுமோ என்ற பயம் மருத்துவர்களுக்கே அதிகம். வாய்வழியாக, சிறிது சிறிதாக ஏற்றினால் மூச்சு குறைவதற்கு முன் ஆழ்ந்த தூக்கக்கலக்கம் வரும், அதுதான் மணியடிப்பு. கை கால் வெட்டி வெட்டி இழுப்பது, இல்லாததைப் பார்ப்பது, எழுப்பினாலும் எழாதது ஆகியவை அளவு மிஞ்சியதற்கான அடையாளங்கள். அடுத்த வேளையை நிறுத்தி, சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்குக் கீழே போய் ஆளும் எழவில்லை என்றால் மார்ஃபினை முறிக்கும் நலாக்சோன் 0.4 மி.கி.யை 10 மி.லி. சலைனில் கலந்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அரை அல்லது ஒரு மி.லி. ரத்தக்குழாயில். மூச்சு சீரானதும் நிறுத்துங்கள். நலாக்சோனின் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆகவே பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். முழு ஆம்பூலையும் ஒரேயடியாக ஏற்றினால் அடங்கியிருந்த வலி முழுதும் ஒரே கணத்தில் திரும்பிவிடும்.

“அடிமையாயிடுவாங்களா?” என்று யாராவது கேட்பார்கள். வலிக்காக, அளவோடு எடுப்பவர் அப்படி ஆவது அரிது, கதிர்வீச்சுக்குப் பிறகு வலி குறைந்தால் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம் என்று சொல்லுங்கள். இதைவிட அவர்கள் மனதில் நிற்பது, “இது கடைசி மருந்து இல்லை, வலி மருந்து” என்ற ஒரு வரி.

மார்ஃபினுக்கு எங்கே போவது

போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 2014இல் வந்த திருத்தம், மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்டவற்றை அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று தனியாகப் பிரித்தது. பல துறைகளில் உரிமம் வாங்கும் பழைய அலைச்சல் போய், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அங்கீகரித்த மருத்துவ நிறுவனம் இவற்றை வாங்கி வைத்து வழங்கலாம் என்றானது. அப்படிப்பட்ட நிறுவனத்தில் வலி நிவாரணத்திலும் ஆதரவு சிகிச்சையிலும் (பாலியேட்டிவ் கேர்) பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவராவது இருக்க வேண்டும்.

தனி கிளினிக் வைத்திருப்பவர் செய்ய வேண்டியது: உங்கள் மாவட்டத்தில் அங்கீகாரம் பெற்ற இடங்கள் எவை என்று நோயாளி வருவதற்கு முன்பே தெரிந்து வையுங்கள். புற்றுநோய் மையங்கள், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், நோயாளிகளைக் கடைசிவரை வைத்துப் பார்க்கும் இல்லங்கள் ஆகியவற்றில் விசாரியுங்கள். அங்குள்ள மருத்துவரிடம் ஒருமுறை நேரில் பேசிவிட்டால் பிறகு நோயாளியை அனுப்பும்போது நீங்கள் எழுதும் கடிதத்துக்கு மதிப்பு இருக்கும். கடிதத்தில் நோய், வலியின் அளவு, இதுவரை கொடுத்த மருந்து, கிரியேட்டினின், வீட்டில் மருந்துக்குப் பொறுப்பானவர் பெயர் எல்லாம் இருக்கட்டும். பயிற்சிக்கு இந்திய ஆதரவு சிகிச்சைச் சங்கத்தின் சான்றிதழ் படிப்பு இருக்கிறது. கோழிக்கோட்டிலும் திருவனந்தபுரத்திலும் இதற்கென்றே இயங்கும் நிறுவனங்கள் பல ஆண்டுகளாக மருத்துவர்களுக்குக் கற்றுத்தருகின்றன.

வீட்டில் மாத்திரை பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும், எண்ணிக்கை நோட்டில் இருக்க வேண்டும்.

புண்ணும் நாற்றமும்

வாய்ப் புற்றும் மார்பகப் புற்றும் அதிகமாகப் பார்க்கும் ஊர்களில் இந்தப் பகுதிதான் மருத்துவரின் பெயரைக் காப்பாற்றும். நாற்றத்துக்குக் காரணம் செத்த திசுவில் காற்றில்லாமலே வளரும் கிருமிகள். வாசனைத் திரவியமும் ஊதுபத்தியும் அதை மறைக்காது, இரண்டும் கலந்து இன்னும் குமட்டும்.

கட்டு மாற்றும் முறையை முதல் இரண்டு முறை நீங்களோ செவிலியரோ செய்துகாட்டி, மூன்றாம் முறை மகளைச் செய்யவைத்துப் பக்கத்தில் நில்லுங்கள். தொடங்குவதற்கு அரை மணி முன் ஒரு கூடுதல் வலி மாத்திரை. அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள், அதுவே கழுவும் நீர். பழைய கட்டைப் பிய்க்கக் கூடாது. உப்புநீரை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டால் தானே கழன்று வரும், ரத்தம் வராது. ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட் இரண்டும் இந்தப் புண்ணுக்கு ஆகாது, எரியும், நல்ல திசுவையும் கருக்கும். கழுவிய பிறகு மெட்ரோனிடசோல் 400 மி.கி. மாத்திரைகளை மாவாகப் பொடித்துப் புண் மேல் தூவுங்கள். அதன் மேல் வாசலின் தடவிய துணி, அதற்கு மேல் உறிஞ்சும் பஞ்சுக் கட்டு. பஞ்சு நேரடியாகப் புண்ணில் படக் கூடாது. சுத்தமான பழைய பருத்தி வேட்டியைத் துண்டு துண்டாக வெட்டி, தூக்குப் பாத்திரத்தில் போட்டுக் குக்கரில் இருபது நிமிடம் ஆவியில் வைத்தால் வாரத்துக்கு வேண்டிய கட்டுத்துணி தயார். சில நாளில் நாற்றம் தணியத் தொடங்கும்.

புழு வைத்துவிட்டால் வீடே அவமானத்தில் குன்றிப்போகும். ஈ உட்கார்ந்ததால் வந்தது, யார் குற்றமும் இல்லை என்று முதலில் சொல்லுங்கள். டர்பென்டைன் எண்ணெயில் நனைத்துப் பிழிந்த துணியைப் புண்ணின் விளிம்பில் பத்து நிமிடம் வைத்தால் புழுக்கள் மேலே வரும், இடுக்கியால் எடுத்துவிட்டு உப்புநீரில் நன்றாகக் கழுவ வேண்டும். மறுநாளும் பாருங்கள், ஒரே தடவையில் எல்லாம் வந்துவிடாது. பிறகு பகலிலும் கொசுவலை.

ரத்தம் கசிந்தால் டிரானெக்சாமிக் அமிலம் ஊசி மருந்திலோ, அட்ரினலின் ஆம்பூலிலோ நனைத்த துணியைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், இடையில் எடுத்துப் பார்க்கக் கூடாது. கழுத்துப் புண் பெரிய ரத்தக்குழாய்க்கு அருகில் இருந்தால், ஒருநாள் திடீரென்று கொட்டலாம் என்பதைக் குடும்பத்தில் திடமான ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். கட்டிலருகே மெரூன் அல்லது கரும்பச்சை நிறத் துண்டுகள் நான்கைந்து இருக்கட்டும். வெள்ளைத் துண்டில் கொஞ்சம் ரத்தமே குடம் போலத் தெரியும்.

மற்றவை, சுருக்கமாக

மூன்று நாள் மலம் போகாவிட்டால் விரலால் பரிசோதிக்காமல் சீட்டு எழுதாதீர்கள். கல்லாக அடைத்திருக்கும், பக்கவாட்டில் தண்ணீராகக் கசியும். அதைப் பேதி என்று நினைத்து லோபெரமைடு கொடுத்த சீட்டுகள் ஏராளம்.

வாந்திக்கு முன் காரணம். சாப்பிட்டதும் வயிறு நிரம்பி வாந்தி வந்தால் மெட்டோகுளோப்ரமைடு, சாப்பாட்டுக்கு அரை மணி முன். காலையில் தலைவலியோடு பீச்சியடித்தால் மூளையில் பரவியிருக்கலாம், டெக்சாமெத்தசோன். வயிறு உப்பி, முறுக்கி, காற்றும் போகாவிட்டால் குடலடைப்பு. அங்கே மெட்டோகுளோப்ரமைடு வலியைக் கூட்டும். ஹயோசின் பியூட்டைல்புரோமைடு 20 மி.கி. ஊசியும் ஹாலோபெரிடாலும் கொடுத்து, அறுவை சிகிச்சை பயன்படுமா என்று ஒருவரிடம் கேளுங்கள்.

மூச்சுத்திணறலுக்கு முதலில் மின்விசிறியை முகத்துக்கு நேரே திருப்பி, ஜன்னலைத் திறந்து, சுற்றி நிற்கும் உறவுக்கூட்டத்தை வெளியே அனுப்புங்கள். முன்னால் ஒரு ஸ்டூலில் தலையணை வைத்து அதன் மேல் கைகளை ஊன்றிச் சாய வையுங்கள். மார்ஃபின் 2.5 மி.கி. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மூச்சுத்திணறலுக்கும் நல்ல மருந்து. ஆக்சிஜன் அளவு குறையாதவருக்குச் சிலிண்டர் வாடகை வீண்செலவு.

வாயை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆப்பசோடா நீரால், அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கணக்கில், துடையுங்கள். மூக்குக்குழாயில் வடிகட்டிய கஞ்சி ஒரு தடவைக்கு 200 மி.லி., தலையை உயர்த்தி வைத்து, ஊற்றி முடித்தபின் அரை மணி அப்படியே. கடைசியில் 50 மி.லி. தண்ணீர் விடாவிட்டால் மாலைக்குள் அடைத்துக்கொள்ளும்.

எப்போது ஆஸ்பத்திரி

வீட்டிலேயே பார்ப்பது என்றால் எதற்கும் அனுப்பாமல் இருப்பது என்று பொருளில்லை. புதிதாக வந்த முதுகுவலி, படுத்தால் அல்லது இருமினால் கூடுகிறது, கால் பலமிழக்கிறது, சிறுநீர் வரவில்லை: தண்டுவடம் நசுங்குகிறது. டெக்சாமெத்தசோன் 16 மி.கி. உடனே கொடுத்து அன்றே அனுப்புங்கள். நடந்துகொண்டிருக்கும்போது அனுப்பினால் பெரும்பாலும் நடப்பார், படுத்த பிறகு அனுப்பினால் பெரும்பாலும் எழ மாட்டார். கீமோ முடிந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல், தொடை எலும்பு முறிவு, தாகமும் மலச்சிக்கலும் குழப்பமும் சேர்ந்து வருவது (கால்சியம் ஏறியிருக்கலாம்), முகமும் கழுத்தும் வீங்கி மூச்சு முட்டுவது ஆகியவையும் அப்படியே. ஆள் கடைசி நாட்களில் இருக்கிறாரா என்பதையும் பார்த்துத்தான் முடிவு.

சுவரில் ஒட்டும் தாள்

இந்த வேலையில் மலிவானதும் அதிகம் பயன்படுவதும் இந்த ஒரு தாள்தான். பெரிய எழுத்தில், தமிழில், மருந்தின் நிறத்தோடு எழுதுங்கள். “வலி கூடினால்: வெள்ளை மாத்திரை அரை. ஒரு மணி நேரத்தில் குறையாவிட்டால் இன்னொரு அரை. அப்போதும் குறையாவிட்டால் போன்.” மூச்சு வாங்கினால், வாந்தி நிற்காவிட்டால், பிதற்றினால், ரத்தம் வந்தால் என்று ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு வரி. கீழே இரண்டு எண்கள்: உங்களுடையதும் செவிலியருடையதும். எழுதிக்கொடுத்த மருந்துகள் அன்றே வாங்கி ஒரு டப்பாவில் இருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு எந்த மருந்துக்கடை திறந்திருக்கும்?

மாலை ஐந்து மணிக்கு நீங்களே ஒரு போன் போட்டு, “இன்னிக்கு ராத்திரிக்கு எல்லாம் இருக்கா?” என்று கேட்டுவிட்டால் நடுராத்திரி அழைப்புகள் பெரிதும் குறையும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிந்துவிட்டால் கட்டு மாற்றுவது, சிறுநீர்க் குழாய், படுக்கைப் புண் ஆகியவற்றில் உங்கள் சுமை குறையும். தனியார் மருத்துவர்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை, ஏனென்று விளங்கவில்லை.

கடைசி நாட்கள்

நாள் முழுக்கத் தூக்கம், ஒரு வாய் தண்ணீருக்கு மேல் இறங்காதது, சிறுநீர் குறைவது, கைகால் சில்லிட்டு நீலம் பாரிப்பது, மூச்சு விட்டு விட்டு வருவது. இவை சேர்ந்தால் நாட்கள்தான். இதைக் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே, அடுத்து என்ன நடக்கும் என்பதோடு சொல்லுங்கள். தெரியாமல் பார்த்தால் 108ஐக் கூப்பிடுவார்கள், மிச்ச நேரம் ஆம்புலன்ஸிலும் ஐ.சி.யூ. வாசலிலும் போகும்.

பிரஷர் மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரை, வைட்டமின் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வலி மருந்தை நிறுத்தாதீர்கள். விழுங்க முடியாவிட்டால் 24 கேஜ் பட்டர்ஃபிளை ஊசியைக் காறை எலும்புக்குக் கீழேயோ மேல்கையிலோ தோலுக்கடியில் செருகி ஒட்டிவைத்தால், ரத்தக்குழாய் தேடும் கொடுமை இல்லாமல் சில நாட்களுக்கு மருந்து போடலாம். தோலுக்கடி மார்ஃபின் வாய்வழி அளவில் பாதி. ஊசி மார்ஃபின் கிடைக்காத இடத்தில் அதே மாத்திரையை, அதே அளவில், ஆசனவாய் வழியாக வைக்கலாம். நிலைகொள்ளாமல் புரண்டால் முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள், சிறுநீர் கட்டியிருக்கும். அது இல்லை என்றால் ஹாலோபெரிடால் 2.5 மி.கி., தேவைப்பட்டால் மிடசோலம் 2.5 மி.கி. தோலுக்கடியில். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஹயோசின் பியூட்டைல்புரோமைடு 20 மி.கி. உறிஞ்சும் இயந்திரம் தேவையில்லை. அந்தச் சத்தம் கேட்பவர்களைத்தான் வதைக்கிறது, அவர் அநேகமாக அதை உணர்வதில்லை என்று சொல்லுங்கள்.

“சாப்பிடாம கிடக்காரே, ஒரு டிரிப்ஸாவது போடுங்க” என்பது கட்டாயம் வரும். பட்டினி போட்டுக் கொன்றோம் என்ற பழி வரக் கூடாதே என்ற தவிப்பு அது. உடம்பு தண்ணீரை ஏற்காத நிலையில் ஏற்றும் திரவம் நுரையீரலிலும் காலிலும்தான் தேங்கும், மூச்சு இன்னும் முட்டும் என்று விளக்குங்கள். கைகள் சும்மா இருக்க முடியாமல்தான் கேட்கிறார்கள். ஈரப்பஞ்சால் உதட்டை நனைப்பது, இளநீர் சில துளி நாக்கில் விடுவது, காலை நீவிவிடுவது என்று அந்தக் கைகளுக்கு வேலை கொடுங்கள். எல்லோரும் வந்து பால் ஊற்ற நினைத்தால் அரை ஸ்பூனுக்கு மேல் வேண்டாம், தலையை ஒருபக்கம் சாய்த்து விடட்டும்.

முடிந்த பிறகு

நேரில் போய்ப் பார்த்து உறுதிசெய்யுங்கள். குழாய்களைக் கழற்றி, புண்ணில் புதுக் கட்டுப் போட்டுவிட்டால் குளிப்பாட்டுபவர்களுக்குச் சிரமம் இருக்காது. வீட்டில் நிகழ்ந்த மரணத்துக்கு மரணக் காரணச் சான்று படிவம் 4ஏ. அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்திலேயே உள்ளது. காரணம் என்ற இடத்தில் ‘இதயம் நின்றது’ என்று மட்டும் எழுதாதீர்கள், எல்லோருக்கும் கடைசியில் நிற்பது அதுதான். அடிப்படைக் காரணமாக எந்த உறுப்பின் புற்று என்பது வர வேண்டும். 21 நாளுக்குள் பதிவு செய்யச் சொல்லுங்கள். மீதி மார்ஃபினை நோட்டோடு எண்ணிப் பார்த்து, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுக்க வையுங்கள்.

கருமாதி முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு ஒருமுறை அந்த வீட்டுக்குப் போங்கள். இத்தனை வாரம் தூங்காமல் பார்த்துக்கொண்ட அந்தப் பெண்ணின் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள், சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று கேளுங்கள். “கடைசி மாத்திரையை நான்தானே கொடுத்தேன், அதனாலதான் போயிட்டாரா டாக்டர்?” என்று அவர் கேட்கக்கூடும். அந்த நோட்டைத் திறந்து, முதல் நாளிலிருந்து எந்த வேளை எவ்வளவு கொடுத்தார் என்பதை அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டுங்கள்.